பதினோராம் நம்பர் முத்திரை

சூயஸ்,
3 அக்டோபர் 1987

அன்புத் தங்கை அவாதிஃபுக்கு,

உனக்கும் மாப்பிள்ளை ஃபஹ்மிக்கும் குட்டி ஸுஹாவுக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் உன் அண்ணி இன்ஸாஃபும் சௌக்கியம். அவளுடைய முழங்கால் வலியும் அவளை விட்டுப் பிரியாமல் சௌக்கியமாக இருக்கிறது.

இதை உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவைப்பாய். உன் அண்ணன் ரய்யிஸ் ஆகிவிட்டான்! கப்பல் பழுதுபார்க்கும் துறையில் பதினான்கு வெல்டர்களுக்கும் இனி நான்தான் தலைவன். பழைய ரய்யிஸ் ஓய்வு பெற்றுக் கொய்யாத் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன் தலையில் இன்று வெள்ளைத் தொப்பி.

இஞ்சினியர் லபீப் அறைக்குக் கூப்பிட்டுத் தொப்பியைக் கொடுத்துவிட்டு, அதே சூட்டில் கையை நீட்டினார். "உன் பஞ்சைக் குடு." நம் அப்பா வைத்திருந்தாரே, நம்பர் பொறித்த இரும்புப் பஞ்ச், அதுதான். ஒரு ஜாயின்டைப் பற்றவைத்து முடித்ததும் பக்கத்தில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடித்தால், இந்த வேலைக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். என் நம்பர் ஏழு.

"அது என்கிட்டயே இருக்கட்டுமே சார், ஒரு ஞாபகத்துக்கு" என்றேன்.

"ரய்யிஸுக்கு எதுக்குப்பா பஞ்ச்? இனிமே நீ வெல்டிங் பண்ணக் கூடாது, பண்ண வைக்கணும். வெல்டிங் ஹோல்டர்ல கை வச்சேன்னு கேள்விப்பட்டேன், தொப்பி என் மேசைக்குத் திரும்பி வந்துடும்" என்று ஏழாம் நம்பரை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

பூட்டட்டும். பதினான்கு பேர் கையும் இனி என் கைதான். இந்தத் துறை இதுவரை பார்க்காத வேலையைக் காட்டுகிறேன் பார். அஸ்வான் முழுக்கச் சொல்லிவிடு.

உன் அண்ணன்,
ரய்யிஸ் ஷஹாத்தா


அஸ்வான்,
19 அக்டோபர் 1987

மதிப்புக்குரிய ரய்யிஸ் அவர்களுக்கு (எழுந்து நின்றுதான் எழுதுகிறேன்),

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும் அண்ணியின் முழங்கால் நலத்தையும் கேட்டு எழுதுகிறேன். ஸுஹாவின் முன்பல் ஆடுகிறது. விழுந்தால் சூரியனைப் பார்த்து எறிய வேண்டும் என்று இப்போதே கல்லை வைத்து எறிந்து பழகுகிறாள். பக்கத்து வீட்டுப் புறாக்களுக்குத்தான் கஷ்டகாலம்.

கடிதத்தைப் படித்ததும் நான் குலவையிட்ட சத்தத்தில், கீழ்வீட்டுக்காரி எனக்கு இரண்டாவது குழந்தை என்று நினைத்துக்கொண்டு மேலே ஓடி வந்துவிட்டாள். அப்பா இருந்திருந்தால் தெருவுக்கே சர்பத் ஊற்றியிருப்பார். எனக்கு அவ்வளவு பெருமை அண்ணா.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அடுத்தவர் வேலை செய்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க உங்களால் முடியுமா? என் கல்யாணத்தன்று சமையல்காரர் மெகாவ்ரியின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, அவர் ஏற்கெனவே போட்டிருந்த உப்பை மறுபடி போட்டீர்கள். சம்பந்தி வீட்டார் மெகாவ்ரியை ஏசிய ஏச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்கள் கூட்டத்தில் நின்று அவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தேநீர் போடக் கொஞ்சம் காய்ந்த கர்கதே செம்பருத்தியும் வறுத்த கடலையும் அனுப்பியிருக்கிறேன். அண்ணிக்கு முத்தங்கள்.

உங்கள் அவாதிஃப்


சூயஸ்,
20 நவம்பர் 1987

அன்புள்ள அவாதிஃப்,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். கடலை ஒரே சாயங்காலத்தில் காலி. கல்யாணக் கதையை நீ கனவில் கண்டிருப்பாய்.

வேலை ஜோராகப் போகிறது. சைப்ரஸ் கொடி கட்டிய சரக்குக் கப்பல் ஒன்று துறையில் ஏறி நிற்கிறது. அடிவயிற்றுத் தகடு பாதிக்கு மேல் துருப்பிடித்துப்போய், வெட்டி எறிந்துவிட்டுப் புதிது வைத்துப் பற்றவைக்கிறோம். மார்ச்சில் ஆய்வாளர் வந்து எக்ஸ்ரே எடுப்பார். காலையில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதினான்கு பேரும் ஓடி வருகிறார்கள்.

ஒருவன் மட்டும் கண்ணை உறுத்துகிறான். தெஸூகி என்று மன்ஸூரா பக்கத்து ஆள், நம்பர் பதினொன்று. இரண்டு பெண் குழந்தைகள். இப்போதைக்குத் தற்காலிகம்தான், ஏப்ரலில் நிரந்தரமாக வேண்டியவன். இடது கைக்காரன். ஊரெல்லாம் இடமிருந்து வலம் போனால் இவன் வலமிருந்து இடம் வருவான். அதனால் வெல்டின் மேல் விழும் மீன்செதில் வரிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். மெதுவாகவும் செய்வான். என்னை இன்னும் ரய்யிஸ் என்று கூப்பிட வாய் வரவில்லை. சக வெல்டரைக் கூப்பிடுகிற மாதிரி "உஸ்தா" என்கிறான்.

"தெஸூகி, நீ போற வேகத்துக்கு இந்தக் கப்பல் போறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்றேன் நேற்று.

"போன பிறகு மூழ்காம இருந்தா போதாதா உஸ்தா?" என்றான். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

அதிகம் எழுத முடியவில்லை. இரண்டு நாளாகக் கம்ஸீன் மணற்காற்று, கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி எரிகிறது. இன்ஸாஃப் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைத்துப் படுக்கச் சொல்கிறாள். ஸுஹாவின் பல் என்ன ஆயிற்று?

அண்ணன் ஷஹாத்தா


அஸ்வான்,
8 டிசம்பர் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண் இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள். இங்கே நாங்கள் நலம். பல் விழுந்து, சூரியனுக்குப் போகாமல் ஃபஹ்மியின் தேநீரில் விழுந்தது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கம்ஸீன் வசந்தத்தில் அடிக்கிற காற்று. நவம்பரில் அதைச் சூயஸுக்கு யார் அனுப்பியது? சரி, வந்ததாகவே இருக்கட்டும். கண்ணில் மணல் விழுந்தால் ஆறிய தேநீரில் கழுவுவோம். உருளைக்கிழங்கு வைப்பது வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணுக்கு. பத்து வருஷம் அப்பாவுக்கு நறுக்கி நறுக்கி வைத்தவள் நான். என்னிடமேவா?

பேனா பிடிக்கிற ரய்யிஸின் கண்ணில் அந்த வெளிச்சம் எப்படிப் பட்டது அண்ணா? ஒரே ஒரு கேள்விதான். பதில் எழுதுங்கள்.

உங்கள் அவாதிஃப்


சூயஸ்,
9 ஜனவரி 1988

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். புது வருஷம் உங்களுக்கு நல்லதாக அமையட்டும். இங்கே நல்ல குளிர். இன்ஸாஃப் எனக்குக் கம்பளிக் கழுத்துத்துணி பின்னியிருக்கிறாள், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. அதைக் கட்டிக்கொண்டுதான் துறைக்குப் போகிறேன்.

இஞ்சினியர் லபீப் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த மாதிரி ஒரே சீரான வேலையை நான் பார்த்ததே இல்லை. பதினாலு பேரும் ஒரே ஆள் செஞ்ச மாதிரி இருக்கு." கேட்டாயா? ஒரே ஆள் செய்த மாதிரி! ஆய்வாளர் வருவதற்குள் முடித்துவிடுவோம். அடுத்த கப்பலுக்கும் பேச்சு நடக்கிறது.

மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் மாற்றல் வரும் என்றாயே, வந்ததா? ஸுஹா பள்ளிக்கூடம் போகிறாளா? கீழ்வீட்டுக்காரி சௌக்கியமா? கண் நன்றாக இருக்கிறது. காற்று எல்லாக் காலத்திலும் அடிக்கும்.

அண்ணன்


அஸ்வான்,
30 ஜனவரி 1988

அண்ணா,

நலம்.

நான் ஒன்று கேட்டேன். நீங்கள் கீழ்வீட்டுக்காரி வரைக்கும் விசாரித்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். இனி நான் கேட்க மாட்டேன். பதினான்கு பேர் வேலை ஒரே ஆள் செய்த மாதிரி இருக்கிறதென்று படித்ததும் எனக்குப் பெருமை வரவில்லை, பயம் வந்தது. அதைச் சொல்லிவிட்டேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அவாதிஃப்


அஸ்வான்,
1 மார்ச் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் கோபமாக நாலு வரி எழுதுங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் அண்ணி எழுதட்டும். நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை.

ஸுஹாவுக்குப் புதுப் பல் முளைத்திருக்கிறது.

உங்கள் அவாதிஃப்


சூயஸ்,
16 மார்ச் 1988, புதன்

என் அவாதிஃப்,

உடம்பு நன்றாக இருக்கிறது. இந்த ஒரு வரிதான் நல்ல செய்தி. தபாலில் போட்டால் தாமதமாகும் என்று மாப்பிள்ளையின் சிநேகிதரான ரயில் கார்டிடம் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதோ. மத்தியானம் எல்லோரும் கரைமேல் உட்கார்ந்து அவித்த ஃபூல் அவரையும் வெங்காயமும் சாப்பிடும் நேரத்தில், நான் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்குவேன். தெஸூகி காலையில் முடித்த ஜாயின்டின் கடைசி ஒரு முழத்தைக் கிரைண்டரால் அரைத்துத் தள்ளிவிட்டு, அவனுடைய ஹோல்டரையே எடுத்து நான் மறுபடி பற்றவைப்பேன். முகக்கவசம் கொண்டுபோனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, ஒரு துண்டுக் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதனால்தான் கண் எரிந்தது. நவம்பர் முதல் இப்படிப் பத்தொன்பது இடம். எல்லாவற்றிலும் பக்கத்தில் பதினோராம் நம்பர் முத்திரை இருக்கிறது. என் ஏழாம் நம்பர் இஞ்சினியரின் இழுப்பறையில் தூங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் வந்தார். எடுத்த எக்ஸ்ரே படங்களில் ஒன்று தேறவில்லை. உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை. நம்பர் பதினொன்று. படத்தைப் பார்த்ததுமே எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று அவசரத்தில், சூட்டுப் பெட்டியில் காயவைத்திருந்த வெல்டிங் ராடை எடுக்காமல், காலையிலிருந்து திறந்து கிடந்த ஈரம் பிடித்த ராடை எடுத்தேன். ஈரம் இருந்தால் உள்ளே குமிழி விழும், புதிதாக வேலைக்கு வந்தவன்கூட அதைச் செய்ய மாட்டான்.

இஞ்சினியர் எல்லோரையும் அந்த இடத்துக்கே கூட்டிப்போனார். "தெஸூகி, இது உன் நம்பர்தானே?" என்றார்.

தெஸூகி குனிந்து வெல்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். "நம்பர் என்னுது சார். கை என்னுது இல்லை" என்றான். செதில் வரிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று வெல்டருக்குச் சொல்லித்தர வேண்டுமா? நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மற்ற பதிமூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் புரிந்தது, இது எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும். கரைமேல் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டே கிரைண்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"முத்திரை பொய் சொல்லாது" என்று இஞ்சினியர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை நான் அறிக்கை எழுதித் தர வேண்டும். அதில் பதினொன்று என்று எழுதினால் தெஸூகிக்கு ஏப்ரலும் இல்லை, வேலையும் இல்லை. ஏழு என்று எழுதினால் தொப்பி போய்விடும்.

கேவலமான விஷயம் என்ன தெரியுமா? அவன் தானே முழுதாகச் செய்து, நான் தொடாமல் விட்ட ஜாயின்டுகள் எல்லாப் படத்திலும் சுத்தமாக இருக்கின்றன. அவன் வேலையில் குறையே இல்லை. அது என் வேலை மாதிரி இல்லை, அவ்வளவுதான். அதை என் கண்ணால் பொறுக்க முடியவில்லை.

உன் பதில் சனிக்கிழமைக்குள் வராது. வந்தாலும் நான் உன்னைக் கேட்டுச் செய்தேன் என்று ஆகக் கூடாது. எனக்காக இறைவனிடம் வேண்டிக்கொள்.

ஷஹாத்தா


தந்தி
அஸ்வான் ரயில் நிலையம், 18 மார்ச் 1988

உப்பு போட்டது யார் என்று சொல்லிவிடுங்கள். அவாதிஃப்.


சூயஸ்,
8 ஏப்ரல் 1988, வெள்ளி

அன்புத் தங்கை அவாதிஃபுக்கு, மாப்பிள்ளைக்கு, புதுப் பல்லுக்காரிக்கு,

உங்கள் எல்லோருக்கும் என் சலாம். இங்கே சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. இன்ஸாஃபின் முழங்காலுக்குக்கூட இரண்டு நாளாக விடுமுறை. திங்கட்கிழமை ஷம் எல் நஸீம் பண்டிகை அல்லவா, கார்டிடம் ஒரு டின் ஃபஸீக் உப்புமீன் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உப்பு, கடைக்காரன் போட்டது, நான் தொடவில்லை.

உன் தந்தி சனிக்கிழமை மத்தியானம் வந்தது. தந்திக்காரன் அதை ஏதோ கடத்தல் சங்கேதம் என்று நினைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். அதற்குள் காலையிலேயே சொல்லி முடித்திருந்தேன்.

எப்படி என்று எழுதுகிறேன். அறைக்குள் போய்க் காதோடு காதாகச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். துறை வாசல் வந்ததும் அது அசிங்கமாகப் பட்டது. ஏச்சு வாங்கும்போது தெஸூகி எல்லோர் முன்னாலும்தானே வாங்கினான்? அதனால் பெயர் கூப்பிடும் நேரத்தில் இஞ்சினியரையும் வரச் சொல்லி, ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கப்பலுக்குள் இறங்கினேன். பதினான்கு பேரும் பின்னால் வந்தார்கள். நான் தொட்ட இடத்தை எல்லாம் ஒவ்வொன்றாக வட்டம் போட்டு, உள்ளே ஏழு என்று எழுதினேன். பதினெட்டாவது வட்டத்தோடு நிறுத்தினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு உஸ்தா, ஏணிக்குப் பின்னால" என்றான் தெஸூகி. பாவி, எண்ணி வைத்திருக்கிறான்!

இஞ்சினியர் மேலே ஏறி அறைக்குப் போனார், நானும் போனேன். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து என் பஞ்சை எடுத்துத் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஊர்லயே நல்ல வெல்டரை எடுத்து ஊர்லயே மோசமான ரய்யிஸா ஆக்கிட்டேன். தப்பு எனக்கும் உண்டு. ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோ, ஷஹாத்தா. ரெண்டும் கிடையாது" என்றார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். கை தானாகப் பஞ்ச் பக்கம்தான் போனது. தொட்டும் விட்டேன். அந்த ஜில்லிப்பு அப்படியே உள்ளங்கையில் உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருஷம், அவாதிஃப். அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆனால் அதை எடுத்தால் என்ன ஆகும்? கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் குனிந்துவிடுவேன், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நான் கெடுத்துவைத்த பத்தொன்பதையும் வேறு எவனாவது ரய்யிஸாக வந்து நேராக்குவான். அது ஓட்டம். நான் ஓடுகிறவன் இல்லை. பஞ்சை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தேன்.

"பத்தொன்பதையும் வெட்டி எடுத்துட்டு தெஸூகிதான் மறுபடி போடணும் சார். அவன் நம்பர் அங்க இருக்கு, அவன் கைதான் அங்க இருக்கணும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன்.

"சும்மா நிப்பியா?"

"நிப்பேன்."

"பார்க்கலாம்" என்றார். தொப்பிக்கு ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார். அந்த ஒரு மாதத்தில் நான் என்ன கிழிக்கிறேன் என்று பார்ப்பாராம். ஒரு மாதம் எனக்கு ஏராளம்.

அன்று சாயங்காலமே மெகாவ்ரியின் கடைக்கும் போனேன். கல்யாணத்து உப்பைச் சொன்னேன். "அட, அன்னிக்கே தெரியும்டா! கரண்டியை என் கையில இருந்துதானே பிடுங்கினே? பொண்ணோட அண்ணனாச்சேன்னு விட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டு கொஃப்தாவை முன்னால் வைத்தார். உலகத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் வேலை நடந்தது. நேற்றுப் படம் எடுத்தார்கள், பத்தொன்பதும் சுத்தம். தெஸூகியின் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறிவிட்டது. இஞ்சினியர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நானே கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், "நன்றி" என்றான்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பட்ட பாடு இறைவனுக்குத்தான் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மெதுவாகத்தான் போனான், வலமிருந்து இடமாகத்தான் போனான். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாளுக்கு மேல் பார்க்க ஆரம்பித்தேன். தலைக்கு மேலே இருக்கிற ஜாயின்டில் நாங்கள் எல்லோரும் தோளை வளைத்துத் திணறுகிற இடத்தில், அவன் இடது கை அலுங்காமல் உள்ளே போகிறது. அதைப் பார்த்துவிட்டு, மூலைத் தொட்டிகளை எல்லாம் இனி அவனுக்கே பிரித்துக் கொடுப்பதென்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ரய்யிஸாகி ஆறு மாதத்தில் நான் எழுதிய முதல் உருப்படியான வரி அது.

கடைசி நாள், ஏணிக்குப் பின்னால் இருந்த பத்தொன்பதாவது. அவன் கவசத்தை இறக்கப் போனவன், இறக்காமல் என் பக்கம் திரும்பினான். ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறான் என்று நான் ஆவலாக ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"ரய்யிஸ், உங்க நிழல் விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான்.

தள்ளி நின்றேன்.

உன் அண்ணன்,
ஷஹாத்தா